புருனோ வால்ட்டரும் பத்து நிமிடமும்

ஒரே ஆய்வாளன் ஒரே சோதனையை இருமுறை செய்தால் விடை ஒன்றாகவே வரவேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பாடம். அதை எனக்கு அசைத்துக் காட்டியவர் விஞ்ஞானி அல்லர். கையில் சிறு கோலேந்திப் பெரிய வாத்தியக் குழுக்களை ஒரு குரலாக்கிய புருனோ வால்ட்டர்.

1876-இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1894-இல், பதினெட்டாம் வயதில், ஹாம்பர்க் இசை நாடக அரங்கில் பணியேற்றார். அங்கே தலைமை நடத்துநராக இருந்தவர் குஸ்தாவ் மாலர். அன்று தொடங்கிய குரு சீட உறவு, 1911-இல் மாலர் மறையும்வரை நீடித்தது. தம் ஒன்பதாம் சிம்பொனி இசைக்கப்படுவதைக் கேளாமலே மாலர் கண்மூடினார். 1912 ஜூனில் வியன்னாவில் அதனை அரங்கேற்றியவர் வால்ட்டரே.

அதே சிம்பொனியின் இரு பதிவுகளை அவர் நமக்கு விட்டுச் சென்றார். முதலாவது, 1938 ஜனவரி 16-இல் வியன்னாவில் நடந்த கச்சேரி. ஏறத்தாழ 70 நிமிடம். இரண்டே மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. 1933-இல் ஜெர்மனியை இழந்த வால்ட்டர் இப்போது ஆஸ்திரியாவையும் இழந்தார். மற்றது 1961-இல் கலிபோர்னியாவில், அவருடைய 84-ஆம் வயதில் பதிவானது. 80 நிமிடத்துக்கும் மேல்.

விடுதி அறையில் கடிகாரத்தை எதிரே வைத்து இரண்டையும் கேட்டேன். முதுமை கையைத் தளர்த்திவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதினேன். மறுமுறை கேட்டபின் அவ்வரியை அடித்துவிட்டேன்.

1938-இல் இசை மூச்சுவாங்க நேரமின்றி விரைகிறது. 1961-இல் உள்ளே ஒளிந்திருந்த நடுக்குரல்களெல்லாம் தெளிவாகக் கேட்கின்றன. அதில் ஒரு பங்கு பதிவுக் கருவியின் வளர்ச்சிக்கும் சேரும். ஆயினும் இரண்டிலும் மாறாதது ஒன்றுண்டு. வால்ட்டர் எந்த வாத்தியத்தையும் பாடவே வைக்கிறார். துயரத்தை மிகைப்படுத்துவதில்லை. இறுதிப் பகுதி தேய்ந்து மறையும்போதும் புலம்பாமலே விடைபெறுகிறார்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் பகுதியில் மாலர் வைத்த எள்ளலின் கூர்மை 1961-இல் மழுங்கிவிடுகிறது. அவ்விடத்துக்கு முந்திய வேகமே பொருந்தும்.

1962 பிப்ரவரியில் வால்ட்டர் மறைந்தார். குருவின் அருகிருந்து கற்றவரே இரு விடைகள் தந்திருக்கும்போது, சரியான வேகம் இதுவே என்று அறுதியிட நாம் யார்? நண்பர்களே, இரண்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என் குறிப்பேட்டில் இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன. எதையும் பிழையென்று அடிக்க எனக்கு மனம் வரவில்லை.