கடலின் கணக்கறிந்த யோர்ட்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு நார்வே. மலைகளும் பாறைகளும் நிறைந்த அந்நாட்டில் உழுது பயிரிடத்தக்க நிலம் மிகக் குறைவு. ஆகவே, கரையோர மக்களுக்குக் கடலே வயல், மீனே விளைபொருள். அம்மீன்களுள் ஹெரிங் என்பது சிறியது. ஆயினும் சிறப்பு மிக்கது. நம் கடலில் வாழும் மத்திக்கு உறவுடைய அம்மீன், குளிர்காலத்தின் இறுதியில் முட்டையிடும் பொருட்டுப் பெருங்கூட்டமாகக் கரையை நாடி வரும். சில காலங்களில் வலை கொள்ளாத அளவு வரும். வேறு சில காலங்களில் பல்லாண்டுகள் தொடர்ந்து அருகிவிடும். அப்போது கரையோர ஊர்கள் வறுமையில் வாடும். இவ்வேற்றத்தாழ்விற்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் யோகான் யோர்ட்.

யோர்ட் 1869ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரில் பிறந்தார். தந்தையார் கண் மருத்துவப் பேராசிரியர். அவர் விருப்பப்படி மருத்துவம் பயிலத் தொடங்கிய யோர்டின் உள்ளம் விலங்கியலையே நாடிற்று. எனவே ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகருக்குச் சென்று பயின்று, 1892இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, கடல் மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1900இல் ‘மைக்கேல் சார்ஸ்’ என்னும் ஆராய்ச்சிக் கப்பல் அவர் பணிக்குக் கிடைத்தது. 1906 முதல் பத்தாண்டுகள் பெர்கன் நகரில் மீன்துறை இயக்குநராக விளங்கினார்.

மீன்கள் வேறு கடலுக்குப் பெயர்ந்துவிடுவதே தட்டுப்பாட்டிற்குக் காரணம் என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். யோர்ட் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு நாட்டின் மக்கள்தொகையை ஆராய்வோர் ஒவ்வொரு வயதினரையும் எண்ணுவது போல், மீன்களையும் வயது வாரியாக எண்ண வேண்டும் என்று அவர் கருதினார். மரத்தின் வயதை அதன் வளையங்கள் காட்டுமன்றோ? அவ்வாறே ஹெரிங் மீனின் செதிலிலும் ஆண்டுக்கொரு வளையம் அமைகிறது. யோர்டும் அவருடன் உழைத்தோரும் ஆயிரக்கணக்கான மீன்களின் செதில்களை ஆராய்ந்தனர். செதிலைக் கொண்டு வயதறிய இயலுமா என்று ஸ்காட்லாந்து அறிஞர் டார்சி தாம்சன் ஐயுற்றார். யோர்ட் தளரவில்லை, சான்றுகளை மேலும் மேலும் திரட்டினார்.

ஆராய்ச்சியின் முடிவு வியப்பளித்தது. 1904ஆம் ஆண்டில் பிறந்த மீன்களே பல ஆண்டுகள் தொடர்ந்து வலைகளில் மிகுந்திருந்தன. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவை மிகச் சிலவே. எனவே, ஒரு நல்ல ஆண்டின் பிறப்பே பல ஆண்டுகளின் வளத்தை முடிவு செய்கிறது என்பது தெளிவாயிற்று. இவ்வுண்மையை விளக்கும் அவரது நூல் 1914இல் வெளிவந்தது.

ஆண்டுதோறும் எண்ணற்ற முட்டைகள் இடப்பட்டும், சில ஆண்டுகளில் மட்டும் குஞ்சுகள் பிழைப்பது ஏன்? ஹெரிங் முட்டை நீரினும் கனமானது, ஒட்டும் இயல்புடையது. அதனால் அம்மீன் சேற்று நிலத்தை விலக்கி, நீரோட்டம் மிக்க பரற்கற்களின்மீதும் பாறைகளின்மீதும் முட்டையிடுகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் குஞ்சு பொரிக்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் ஆற்றல் அதற்கு இல்லை. கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் அதனை வடக்கே பேரண்ட்ஸ் கடலை நோக்கி ஏந்திச் செல்கிறது. குஞ்சின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கரு சில நாட்களில் தீர்ந்துவிடும். அதற்குள் நுண்ணிய மிதவை உயிர்கள் இரையாகக் கிடைத்தல் வேண்டும். அவ்வுயிர்களோ இளவேனிற் கதிரொளியால் கடலில் நுண்பயிர் செழித்த பின்னரே பெருகும். இரை பிந்தினால் குஞ்சுகள் பட்டினியால் மடியும். நீரோட்டம் திசைமாறி ஆழ்கடலுக்குக் கொண்டுசென்றாலும் அழியும். இவ்விரண்டினையுமே காரணங்களாக யோர்ட் எடுத்துக் காட்டினார். முட்டையின் எண்ணிக்கையன்று, இடமும் காலமும் பொருந்துதலே கடல்வளத்தின் அடிப்படை என்பது அவர் கொள்கை.

யோர்ட் 1921இல் ஆஸ்லோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1938 முதல் அனைத்துநாட்டுக் கடலாராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1948ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்த பின்னர் மீன்பிடி கப்பல்களின் ஆற்றல் பன்மடங்கு பெருகிற்று. பிறந்து பிழைப்பவை குறைந்த ஆண்டுகளிலும் மக்கள் அளவின்றி வலை வீசினர். அதன் பயனாக, 1960களின் இறுதியில் நார்வேயின் ஹெரிங் வளம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. மீன்பிடித்தலைக் கடுமையாகக் கட்டுப்படுத்திக் காத்திருந்த பின், 1983இல் பிறந்த மீன்கள் மிகுதியாகப் பிழைத்தன. வளமும் மீளத் தொடங்கியது. ஓர் ஆண்டின் பிறப்பு பல ஆண்டுகளைத் தாங்கும் என்று யோர்ட் கண்ட உண்மை இவ்வாறு மீண்டும் விளங்கிற்று. கடல் வாரி வழங்கும்போதும் அளவறிந்து கொள்வதே அறிவுடைமை. ஒரு சிறு செதிலிலிருந்து அவ்வறிவைப் படித்தறிந்த யோர்டின் புகழ் என்றும் நிலைத்து நிற்கும்.