பிலிப் பினெல் (1745 – 1826): உளநோயாளரின் விலங்கு நீங்கிய வரலாறு

மாணவர்களே, உளநோய்களுக்கான சிகிச்சை முறைகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பர் என்பதை அறிவீர்கள். நோயாளியுடன் உரையாடி அவரது எண்ணங்களிலும் நடத்தையிலும் மாற்றம் ஏற்பட உதவுவது உளச்சிகிச்சை. மருந்து, மின்னதிர்வு முதலியவற்றால் மூளையின் தொழிற்பாட்டில் மாற்றம் செய்வது உயிரியல் சிகிச்சை. இவற்றுள் முதலாவதன் தொடக்கத்தைத் தேடிப் போனால் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் பிலிப் பினெலிடம் வந்து சேர்வோம். இவரை நவீன உளமருத்துவத்தின் தந்தை எனப் பலர் குறிப்பிடுவர்.

பினெல் 1745 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆம் திகதி பிரான்சின் தென்பகுதியில் பிறந்தார். மதகுருவாவதற்கான கல்வியில் இறங்கிய அவர், அதனை இடைநடுவில் விட்டு மருத்துவம் கற்று 1773 இல் துலூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மொன்பெலியே நகரில் மேலும் சில காலம் படித்துவிட்டு 1778 இல் பாரிஸ் நகருக்கு வந்தார். அங்கே ஏமாற்றமே காத்திருந்தது. வெளி மாகாணத்துப் பட்டத்தைப் பாரிஸ் மருத்துவ பீடம் ஏற்கவில்லை. கையில் பட்டம் இருந்தும் தொழில் செய்ய முடியாத நிலை. கணிதம் சொல்லிக் கொடுத்தும், மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், சுகாதாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்தார். ரியூசன் கொடுத்துப் பிழைத்த வைத்தியர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் உங்களுக்கு மறக்காது!

இக்காலத்தில்தான் அவரது வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் நிகழ்ந்தது. அவருடைய இளம் நண்பர் ஒருவர் கடுமையான மனச்சோர்வுக்கு உள்ளானார். எவராலும் அவரைக் குணப்படுத்த முடியவில்லை. ஒருநாள் அவர் வீட்டைவிட்டு ஓடிக் காட்டுக்குள் போய் அங்கேயே இறந்துபோனார். மருத்துவம் படித்த தன்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற எண்ணம் பினெலை விடவில்லை. அதன்பின் தனியார் உளநோயாளர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, நோயாளரை அருகிலிருந்து கவனிக்கத் தொடங்கினார்.

அன்றைய சிகிச்சைகள் எவ்வாறு இருந்தன தெரியுமா? நரம்பைக் கீறி இரத்தத்தை வெளியேற்றுவார்கள். பேதி மருந்து கொடுப்பார்கள். குளிர்ந்த நீரில் திடீரென அமிழ்த்துவார்கள். உடலிலுள்ள திரவங்களின் சமநிலை குழம்புவதாலேயே உளநோய் வருகிறது என்ற பழைய கொள்கையே இவற்றுக்கு அடிப்படை. பெயரளவில் இவையும் உடல்சார்ந்த சிகிச்சைகளே. ஆயினும் இரத்தம் இழந்த நோயாளி பலவீனமடைந்தாரே தவிர நோய் தீரவில்லை. பினெல் இவற்றைக் கண்ணால் பார்த்தே வெறுத்தார்.

பிரெஞ்சுப் புரட்சி பல கதவுகளைத் திறந்துவிட்டது. 1793 இல் பினெல் பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பிசேத்ர் வைத்தியசாலைக்கு வைத்தியராக நியமிக்கப்பட்டார். வைத்தியசாலை என்று பெயரே ஒழிய, அது பாதி சிறைச்சாலை. குற்றவாளிகள், வயோதிபர்கள், தொற்றுநோயாளர் எனப் பல ஆயிரம் ஆண்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் சுமார் 200 பேர் உளநோயாளர். இவர்களிற் சிலர் பல ஆண்டுகளாகச் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தனர்.

இவ்விடத்தில் இன்னொரு மனிதரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ஜோன் பப்ரிஸ்ற் புசின். தோல் பதனிடும் தொழிலாளியான இவர், கழலை நோய்க்குச் சிகிச்சை பெறவே பிசேத்ருக்கு வந்தவர். குணமடைந்தபின் அங்கேயே தங்கி உளநோயாளர் பிரிவின் பொறுப்பாளரானார். மருத்துவப் படிப்பு எதுவும் இல்லை. ஆனால், நோயாளரை அடிக்கக்கூடாது எனப் பணியாளருக்குக் கட்டளையிட்டவர் அவர். குணமடைந்த நோயாளரையே பணியாளராகச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். பினெல் இவரிடம் மாணவன் போல நின்று கற்றார் என்பதே உண்மை. பட்டதாரி வைத்தியர் ஒருவர் பட்டமில்லாத தொழிலாளியிடம் பாடம் கேட்டாரே, என் பார்வையில் பினெலின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

இனிச் சங்கிலிக் கதைக்கு வருவோம். 1793 இல் பினெல் பிசேத்ர் வைத்தியசாலையில் நோயாளரின் சங்கிலிகளைத் தம் கையால் அறுத்தெறிந்தார் என்று பல குறிப்புகளில் காண்பீர்கள். பெரிய ஓவியங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. இக்கதையைப் பரப்பியவர்களுள் பினெலின் மகன் சிப்பியோனும் ஒருவர். உண்மையில் பிசேத்ரில் சங்கிலிகளை நீக்கியவர் புசின், ஆண்டு 1797. அப்போது பினெல் அங்கே இல்லை. 1795 இலேயே அவர் பெண்களுக்கான சல்பெத்ரியேர் வைத்தியசாலைக்கு மாற்றலாகிவிட்டார். சில ஆண்டுகளின் பின் அங்கும் சங்கிலிகள் நீக்கப்பட்டன. 1802 இல் புசினையும் தம்மிடம் அழைத்துக்கொண்டார். புசினின் பங்கைப் பினெல் மறைக்கவில்லை. தமது நூலில் அவரை வெளிப்படையாகவே பாராட்டியுள்ளார். ஆகவே, விடை எழுதும்போது இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்.

பினெலின் முறையை ஒழுக்கச் சிகிச்சை என மொழிபெயர்ப்பதுண்டு. இது மாணவரை வழிதவறச் செய்யும் சொல். நோயாளிக்கு ஒழுக்கம் போதிப்பதன்று அது. பிரெஞ்சில் அச்சொல்லுக்கு அக்காலத்தில் மனம் சார்ந்த என்ற பொருளும் இருந்தது. அன்பாகப் பேசுதல், நோயாளியின் கதையைக் கேட்டல், ஒழுங்கான வேலை கொடுத்தல், தினமும் பார்வையிட்டுக் குறிப்பெடுத்தல் என்பன இதில் அடங்கும்.

இதற்கு அவரே எழுதிவைத்த உதாரணம் ஒன்றைப் பாருங்கள். தையற்காரர் ஒருவர். மன்னன் பதினாறாம் லூயிக்கு விதிக்கப்பட்ட தண்டனை பற்றி வாய்தவறி ஏதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தம்மையும் கொல்லப்போகிறார்கள் என்ற பயம். உணவும் இல்லை, உறக்கமும் இல்லை. பினெல் முதலில் அவருக்குத் தையல் வேலை கொடுத்தார். வேலை இருந்தவரை அவர் தேறினார். பின்னர் பழைய பயம் திரும்பிற்று. ஆகவே பினெல் ஒரு போலி விசாரணையை ஏற்பாடு செய்தார். இளம் வைத்தியர்கள் மூவர் கறுப்பு உடையணிந்து நீதிபதிகளாக அமர்ந்து, தையற்காரர் நிரபராதி எனத் தீர்ப்பளித்தனர். அவர் உடனே தெளிந்தார். ஆனால் அது வெறும் நாடகம் என்று எவரோ சொல்லிவிட, நோய் மீண்டும் பிடித்தது. அதன்பின் அவர் குணமடையவேயில்லை. தம் தோல்வியையும் மறைக்காமல் எழுதியவர் பினெல்.

அவரை முழுமையான விடுதலை வீரராகவும் எண்ணிவிட வேண்டாம். சங்கிலிக்குப் பதிலாகக் கைகளை உடலோடு சேர்த்துக் கட்டும் நீண்ட கைச்சட்டை வந்தது. அடங்காதவரைத் தனியறையில் வைப்பதையும், தலையில் குளிர்நீர் ஊற்றுவதையும் அவர் கைவிடவில்லை.

1801 இல் வெளியான அவரது உளநோய் பற்றிய நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மொழிபெயர்க்கப்பட்டது. 1805 இல் நெப்போலியனின் ஆலோசனை வைத்தியர்களுள் ஒருவரானார். எனினும் 1822 இல் அரசு மருத்துவ பீடப் பேராசிரியர் பதவியிலிருந்து அவரையும் வேறு சிலரையும் நீக்கியது. 1826 ஒக்ரோபர் 25 ஆம் திகதி, 81 ஆவது வயதில் பாரிஸ் நகரில் காலமானார். அவரது பணியை மாணவர் எஸ்கிரோல் தொடர்ந்தார்.

உயிரியல் சிகிச்சையின் பெரிய திருப்பமும் அதே நகரில்தான் நிகழ்ந்தது. 1952 இல் பாரிஸ் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் வைத்தியர்கள் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்தைக் கடும் உளநோயாளருக்குக் கொடுத்தனர். மூளையிலுள்ள டோபமின் என்னும் இரசாயனத்தின் செயலை இம்மருந்து தடுக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. இல்லாத குரல்களைக் கேட்டு, எவரோ தம்மைக் கொல்ல வருவதாக அலறிக்கொண்டிருந்த பலர் சில வாரங்களில் அமைதியடைந்து, எதிரே அமர்ந்திருக்கும் வைத்தியருடன் பேசத் தொடங்கினர்.