நிருபத்தில் பெயர் காணாத மக்கள்: பொய்கையில் யோகன்னான் வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடைந்தால், எல்லைக்கு அப்பால் தொடங்குவது இன்று கேரள மாநிலம். அன்று அது திருவிதாங்கூர் அரசு. ஏலத்தோட்ட வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாய் அவ்வெல்லையைக் கடந்து வரும் நம் மக்கள், அந்நாட்டில் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்து, கிறித்தவ சமயத்தையே கேள்வி கேட்டு நிறுத்திய ஒருவரின் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும். அவர் பொய்கையில் யோகன்னான்.

1879ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள், திருவல்லாவுக்கும் கோழஞ்சேரிக்கும் இடைப்பட்ட இரவிபேரூரில் கண்டன், லேச்சி என்னும் பறையர் குலப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குமாரன். பொய்கையில் என்பது வீட்டுப் பெயர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் அரசாணையால் ஒழிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் ஆணை பிறந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அக்குடும்பம் ஒரு சிரியன் கிறித்தவ நிலவுடைமையாளரின் கீழ்க் கட்டுண்டே கிடந்தது. தந்தை ஒரு சந்தையிலும் தாய் மறு சந்தையிலும் விலை போக, பிள்ளைகள் நடுவழியில் நின்ற கதைகளைக் கேட்டே அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் இயற்றிய பாடல்களில் திரும்பத் திரும்ப வருவது அவ்வனாதைப் பிள்ளைகளின் அழுகையே.

மாடு மேய்த்த பருவத்திலேயே எழுத்துக் கற்று, விவிலியத்தை ஆழ்ந்து பயின்றார் என்பர். மார்த்தோமா சபையிற் சேர்ந்து யோகன்னான் என்னும் பெயர் பெற்று, நாவன்மை மிக்க உபதேசியாராக விளங்கினார். அவருக்கு முன்னரே அவ்வட்டாரத்தில் இவ்வழி திறந்திருந்தது. மல்லப்பள்ளியை அடுத்த கைப்பற்றாவில் 1854ஆம் ஆண்டு தெய்வத்தான் என்னும் புலையர் ஒருவர், ஜார்ஜ் மாத்தன் குருவானவர் கையால் ஆபேல் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் சபைகளுக்குள் வந்தனர். வந்தவர்க்குக் கிடைத்ததோ தனி இருக்கை, பல இடங்களில் தனிக் கோயில். பழைய கிறித்தவர் பழையவராகவும் புதியவர் புலையக் கிறித்தவர், பறையக் கிறித்தவர் எனவுமே நின்றனர்.

இஃது ஆதித் திருச்சபை தீர்த்துவைத்த வழக்கேயாகும். யூதரல்லாதார் கிறித்துவை ஏற்றபோது, அவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு முதலில் யூதராக வேண்டுமோ என்னும் வினா எழுந்தது. ஏறத்தாழக் கி.பி. 49இல் எருசலேமிற் கூடிய சங்கம் வேண்டுவதில்லை என முடிவு செய்தது. முடிவு ஏட்டில் இருந்தது, பந்தியில் இருந்ததா? அந்தியோகியாவிற் புறஜாதியாரோடு உடனிருந்து உண்ட பேதுருவே, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக் கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலும் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இச்செய்தி உள்ளது. இரட்சிப்பு எல்லார்க்கும் என்ற போதனை முதன்முதலிற் சோதிக்கப்பட்ட இடம் சோற்றுப் பந்தி என்பதை நம்மவர் எளிதில் உணர்வர். (தமிழ் விவிலியத்தில் வழங்கும் புறஜாதி என்னும் சொல்லே நம் காதுக்கு வேறொரு பொருளும் தருகிறதன்றோ!)

யோகன்னானுக்குச் சோதனை கல்லறையில் வந்தது. சபையின் கல்லறைத் தோட்டத்திற் புதைக்கப்பட்ட தாழ்த்தப்பட்டவர் ஒருவரின் உடலை மேற்குலக் கிறித்தவர் தோண்டி அகற்றச் செய்தனர் என்று அவரது வரலாறுகள் கூறுகின்றன. இறந்த பின்னும் உடன் கிடக்க ஒவ்வாதவர், பரலோகத்தில் உடன் இருப்பது எங்ஙனம்? அவர் அச்சபையை விட்டு வெளியேறினார். பிரதரன் குழுவினரோடு சிறிது காலம் ஊழியம் செய்தார். ஆங்கும் குலவேற்றுமை கண்டு விலகினார்.

இதன் பின்னர் அவர் தம் மக்களிடம் எழுப்பிய வினா எளியது. நிருபங்கள் ரோமருக்கும் கொரிந்தியருக்கும் கலாத்தியருக்கும் எழுதப்பட்டுள்ளன; திருவிதாங்கூர்ப் புலையருக்கு எழுதப்பட்ட நிருபம் எது? அடிமைச் சந்தையில் விற்கப்பட்டோரின் துயரம் எந்த அதிகாரத்தில் உள்ளது? வாகத்தானத்தில் நடந்த கூட்டமொன்றில் அவர் விவிலியத்தைத் தீயிலிட்டார். வேதத்தை நெஞ்சோடணைத்து வாழும் நம் வாசகர் பலருக்கு இச்செய்தி நோவு தரும். அதை மறைத்தெழுதுவது வரலாறாகாது. யூதரல்லாத அனைவரும் புறஜாதியார் என்னும் சொல்லில் அடங்குவர் என விடை கூறலாம். விடை சரியே. ஆனால் அச்சொல்லுக்குள் தம்மை அடக்கியவர்கள் கல்லறையில் அடக்க மறுத்தபோது, அவ்விடையை அவர் எங்ஙனம் ஏற்பார்?

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில் அவர் தோற்றுவித்த இயக்கமே பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை. கண்கூடான இரட்சிப்பைத் தரும் இறைவனின் சபை என்பது அதன் பொருள். பெயரிலேயே அவரது உபதேசம் முழுவதும் உள்ளது. பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவிற் கூடினர். சூட்டு வெளிச்சத்தில் அவர் முன்னோரின் அடிமைக் கதையைச் சொல்லவும் பாடவும் கேட்டு அழுதனர். அவர் தம் செய்தியைப் பரப்பியது நூலாலன்று, பாட்டாலும் நினைவாலுமே. எழுத்தறியாதார் நடுவே அதைவிடச் சிறந்த வழி இல்லை. கூட்டங்கள் பலமுறை தாக்கப்பட்டன. அவர் மீது வழக்குகளும் தொடுக்கப்பட்டன. புலையர், பறையர், குறவர் என்ற உட்பிரிவுகளைக் கடந்து ஒரே பந்தியில் உண்பதை அவர் வற்புறுத்தினார்.

கண்கூடான இரட்சிப்பு எனின் நிலமும் பள்ளியும் வேண்டுமன்றோ? சபைக்கென நிலம் வாங்கினார். பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார். 1921லும் 1931லும் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அய்யன்காளி முன்னரே குரல் எழுப்பிவந்த அவ்வவையில் இவரும் தாழ்த்தப்பட்டோரின் கல்விச் சலுகைக்காகவும் நிலத்துக்காகவும் அரசு வேலைக்காகவும் வாதாடினார்.

1939ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அவர் மறைந்தார். அவருக்குப் பின் துணைவியார் ஜானம்மா சபையை வழிநடத்தினார். இந்திய அரசு 1950இல் பிறப்பித்த ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே உள்ளனர். கல்வி உதவித்தொகைக்கு மனு எழுதும் பெற்றோர் அறிந்த செய்தி இது.

குமாரகுருதேவர் என்னும் பெயரால் அவரைப் போற்றுவோர் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் இரவிபேரூரிற் கூடி, அவ்வடிமைப் பாடல்களை இன்றும் பாடி வருகின்றனர்.