பள்ளிப் பிள்ளைகளின் வாழ்த்துப் பாட்டைத் தந்தவர்

திருநெல்வேலிப் பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. அது ஊருக்குள் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியாக இருந்த காலம். 1877-ல் அதன் தலைவராக ஓர் இளைஞர் வந்தார். வயது 22. அவர்தான் பெ.சுந்தரம் பிள்ளை!

பிறந்தது ஆலப்புழையில், 1855-ல். தந்தை பெருமாள் பிள்ளை. தாய் மாடத்தி அம்மாள். சைவப் பற்று மிகுந்தவர். தாமிரபரணிக் கரையிலுள்ள கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளே அவருக்குக் குரு. பின்பு திருவனந்தபுரம் போய்த் தத்துவப் பேராசிரியர் ஆனார்.

1891-ல் 'மனோன்மணீயம்' நாடகம் வெளிவந்தது. அதில் வரும் சுந்தர முனிவர் வேறு யாருமல்ல, அந்தக் குருநாதர்தான்!

நாடகத்தின் தொடக்கத்தில் இரண்டு வணக்கங்கள் உண்டு. முதலாவது கடவுளுக்கு. அடுத்தது தமிழ்த் தெய்வத்துக்கு. 1897-ல், 42 வயதில் அவர் காலமானார்.

எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் பள்ளியில் எந்தச் சாமியைப் பாடுவது? ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பழகிய பாட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சங்கடம் ஆகலாமே! 1970-ல் தமிழக அரசு அவருடைய இரண்டாம் வணக்கத்தை எடுத்துக்கொண்டது. கடவுள் வணக்கம் ஏட்டிலேயே நின்றது. எடுத்த பாட்டிலும் தமிழைப் பரம்பொருளோடு ஒப்பிடும் அடிகளும், வடமொழி வழக்கொழிந்ததைச் சொல்லும் அடியும் விடுபட்டன. சைவரான பிள்ளை இதற்குச் சம்மதித்திருப்பாரோ, யார் கண்டார்!

எம்.எஸ்.விசுவநாதன் மெட்டமைத்தார். 2021-ல் அது மாநிலப் பாடல் ஆனது. பாட 55 விநாடி. எழுந்து நிற்க வேண்டும்.

பழைய பேட்டை வழியே தென்காசி ரோட்டில் போனால் அபிஷேகப்பட்டி. அங்கே அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது.