ஃபத்அலி ஷா

பாரசீக நாட்டை 1797 முதல் 1834 வரை ஆண்ட ஃபத்அலி ஷாவின் வரலாறு, கலையின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே நமக்கு உணர்த்துவதாகும்.

காஜார் என்னும் துருக்கியக் குடியில் பிறந்த இவன், இளமையில் பாபா கான் என வழங்கப்பெற்றான். இவனுடைய பெரிய தந்தையாகிய ஆகா முகம்மது கான் சிதறிக் கிடந்த நாட்டை வாள்வலியால் ஒன்றாக்கினான். மகப்பேறு இன்மையால் இவனையே இளவரசனாக்கி, பார்ஸ் மாகாணத்தை ஆளுமாறு ஷீராஸ் நகருக்கு விடுத்தான். தாரா முதலிய பண்டை வேந்தர் எடுப்பித்த பெர்சிபோலிஸ் மாளிகையும், சசானிய மன்னர் தம் வெற்றியைப் பொறித்த நக்ஷ்-இ-ருஸ்தம் மலைமுகமும் அம்மாகாணத்திலேயே உள்ளன. 1797-இல் பெரிய தந்தை ஷூஷா கோட்டையில் தன் ஏவலாளராற் கொலையுண்ணவே, இவன் அரியணை ஏறினான்.

புதிய குடியினனாகிய மன்னனுக்குப் பழைய குடியின் பெருமை வேண்டியிருந்தது. ஆதலின், காவியத்திற் புகழ்பெற்ற கயானிய அரசரின் பெயரால் மணிமுடி ஒன்று செய்வித்து அணிந்தான். பிர்தௌசியின் ஷாநாமாவை யொப்பத் தன் புகழையும் பாடுமாறு அவைப்புலவனாகிய சபாவை ஏவினான். சசானியர்க்குப் பின் பெரிதும் வழக்கொழிந்திருந்த மலைச்சிற்பத் தொழிலும் இவனால் உயிர்பெற்றது. ரை நகரத்தருகே சஷ்மே அலி என்னும் ஊற்றின்மேல், மைந்தர் புடைசூழ வீற்றிருக்கும் இவன் கோலத்தை இன்றும் காணலாம்.

ஆனால், அந்நகரத்தருகே வேறொரு பாறையில் சசானியர் செதுக்கத் தொடங்கி முற்றுப்பெறாது விடுத்த குதிரைவீரன் உருவம் ஒன்று இருந்தது. அதனை அழித்து, அவ்விடத்தே தான் அரிமாவைக் குத்தும் கோலத்தை இவன் பொறிப்பித்தான். முன்னோரைப் போற்றப் புகுந்தவன் முன்னோர் கைவண்ணத்தையே துடைத்தமை கண்டு நாம் வருந்துகிறோம்.

ஓவியத்தில் வெற்றிவேந்தனாய் விளங்கிய இவன், போர்க்களத்தில் உருசியருக்குத் தோற்றான். 1813-இல் குலிஸ்தான் உடன்படிக்கையாலும், 1828-இல் துர்க்மன்சாய் உடன்படிக்கையாலும் காக்கேசிய நாடுகள் கைவிட்டுப் போயின. பொன்முடி பீரங்கியைத் தடுக்கவில்லை.

1834-இல் இவன் இஸ்பகானில் இறந்தான். உடல் கோம் நகரில் அடக்கஞ் செய்யப்பெற்றது. எனினும் இவன் மூட்டிய பழமை வேட்கை அவியவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷீராஸ் நகரத்துச் செல்வர் எழுப்பிய நாரஞ்சஸ்தான் மாளிகையின் கற்களில் பெர்சிபோலிஸ் வீரர்கள் மீண்டும் அணிவகுத்து நிற்கின்றனர். இழந்த நாட்டை இவன் வழியினர் மீட்டிலர். மறந்த கலையையோ கைவினைஞர் மீட்டனர். முன்னோர் புகழைப் பாடுவோர் அவர் விட்டுச்சென்ற கல்லையும் காத்தல் கடன் என்பதே இவன் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்க பாடமாம்.