ஃப்ரிட்ஜ் செய்த ஐன்ஸ்டீன்!

குட்டீஸ்... தர்மபுரி மாவட்டம், அரூரில் இருந்து மலைப்பாதையில் பயணித்தால் சித்தேரி கிராமத்தை அடையலாம். மார்கழி மாத விடியலில், மலையில் குளிர் வாட்டி எடுக்கும். அந்தக் குளிரிலும் ஓடிக் கொண்டிருக்கும் ஒரு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். உள்ளே ஜில், வெளியே சூடு. எப்படி?

கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேட்டுக்கு ஏற்றுகிறது அல்லவா? அதுபோல, உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுகிறது ஃப்ரிட்ஜ். இத்தகைய இயந்திரத்துக்கு, 'ஹீட் பம்ப்' என்று பெயர். குளிர் நாடுகளில், இதே முறையில் வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டு வந்து குளிர் காய்கின்றனர்.

வெப்பத்தைச் சுமந்து செல்வது, குழாய்க்குள் சுற்றி வரும் ஒரு வாயு. அது கசிந்தால் என்னவாகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர், உலகமே போற்றும் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்!

ஜெர்மனியின் உல்ம் நகரில், மார்ச் 14, 1879ல் பிறந்தார் ஐன்ஸ்டீன். அவரது அப்பாவும், சித்தப்பாவும் சேர்ந்து மின்சாதனங்கள் தயாரிக்கும் தொழில் நடத்தினர். அதனால், சிறு வயதிலேயே இயந்திரங்கள் அவருக்குப் பழக்கமாயின. அப்பா காட்டிய திசைகாட்டியின் முள், எப்போதும் ஒரே பக்கம் திரும்புவது ஏன் என்று வியந்தார்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. 1902ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், காப்புரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். புதிய கண்டுபிடிப்புகளின் வரைபடங்களைச் சரிபார்ப்பதே பணி. அங்கே இருந்தபடியே, 1905ல் அறிவியலைப் புரட்டிப் போட்ட கட்டுரைகளை எழுதினார். 1921ம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

அந்தக் கால ஃப்ரிட்ஜ்களில் அமோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்களே இருந்தன. 1920களில் ஒருநாள், பெர்லினில் ஒரு குடும்பம் இரவில் தூங்கிக் கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜின் பம்ப் அடைப்பு உடைந்து, நச்சு வாயு வீடு முழுவதும் பரவியது. குழந்தைகள் உட்பட, அந்தக் குடும்பமே இறந்து போனது. பத்திரிகையில் இதைப் படித்த ஐன்ஸ்டீன் மனம் கலங்கினார் என்று, அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகின்றனர்.

கசிவுக்குக் காரணம், அசையும் பாகங்களைச் சுற்றியுள்ள அடைப்புகள் தேய்வதுதான். அசையும் பாகமே இல்லாவிட்டால்? லியோ சிலார்டு என்ற இளம் விஞ்ஞானியுடன் கைகோர்த்தார். வெறும் வெப்பத்தால் இயங்கும் ஃப்ரிட்ஜ் ஒன்றை இருவரும் வடிவமைத்தனர். அதற்கு 1930ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காந்த விசையால் திரவ உலோகத்தைத் தள்ளும் பம்ப் ஒன்றையும் உருவாக்கினர். பல நாடுகளில், 45க்கும் மேற்பட்ட காப்புரிமை விண்ணப்பங்களை அளித்தனர்.

ஆனால், அந்த பம்ப் அதிகமாக இரைச்சல் போட்டது. அதற்குள், நச்சில்லாத 'ஃப்ரியான்' வாயு வந்துவிட்டது. 1933ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததும், யூதர்களான இருவரும் ஜெர்மனியில் வாழ முடியாமல் போயிற்று. அவர்களது ஃப்ரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை. அமெரிக்காவில் குடியேறிய ஐன்ஸ்டீன், 1955, ஏப்ரல் 18ல் மறைந்தார்.

உழைப்பு வீணானதா? இல்லை. ஃப்ரியான், ஓசோன் படலத்தை அரிப்பது பின்னர் தெரிய வந்தது. அதைக் கைவிட, 1987ல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அசையும் பாகம் இல்லாத காந்த பம்புகளோ, நம் கல்பாக்கத்தில் திரவ சோடியத்தைத் தள்ள இன்றும் உதவுகின்றன!

இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில், ஐசோபியூட்டேன் வாயு உள்ளது. நச்சு இல்லை, ஆனால், தீப்பற்றும். எனவே...

* ஃப்ரீசரில் உறைந்த ஐஸ் கட்டியைக் கத்தியால் குத்தாதீர்கள். குழாயில் ஓட்டை விழும்.

* 'புஸ்' என்று வாயு கசிந்தால், எந்த சுவிட்சையும் தொடாமல், ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

* பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விடச் சொல்லுங்கள். 'எர்த்' உள்ள மூன்று பின் பிளக்கையே பயன்படுத்த வேண்டும்.

* பிளக்கைக் கழற்றிய பிறகே சுத்தம் செய்ய வேண்டும். பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை.

* பழைய ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடவே கூடாது. மூச்சு முட்டி, உயிருக்கே ஆபத்தாகி விடும்.

பிரபஞ்ச ரகசியங்களை ஆராய்ந்த மேதை, முகம் தெரியாத குழந்தைகள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றும் யோசித்தார். அடுத்த முறை ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது, அவரை நினைத்துக் கொள்வீர்கள்தானே குட்டீஸ்?