பெருந்தலைவர் காமராஜரும் கிராமத்துப் பள்ளிகளும்

காமராஜர் 1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வணிகர்களாகிய நமக்கு அந்தப் பையனை நன்றாகத் தெரியும். நம் பாட்டன்மார் பலரும் அப்படிச் சிறு வயதிலேயே கடைக்கு வந்தவர்கள்தாம்.

அவர் 1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றிருந்த திட்டத்தை அவ்வாண்டே கைவிட்டார். பள்ளியில்லாத சிற்றூர்களில் ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் பசித்த பிள்ளை ஆடு மேய்க்கப் போனது, பள்ளிக்கு வரவில்லை. ஆகவே 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு துணை நின்றார். அரசு மட்டும் செய்யவில்லை. ஊர்மக்களும் அரிசி, பருப்பு, பலகை, சீருடை என இயன்றதைக் கொடுத்தார்கள்.

1963இல் பதவி விலகினார். 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தபோது, சென்னையில் அவர் குடியிருந்தது வாடகை வீடுதான்.

ஜொகூரில் உழைக்கும் நாம் பூர்வீக ஊரின் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் மனமுவந்து கொடுக்கிறோம். அதே தெருவிலுள்ள தொடக்கப் பள்ளியை எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அங்கும் போவோம். தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேட்போம். நம் பொன்விழா ஆண்டில் அதைச் செய்து கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.